ஹேவ்லாக்கில் ஸ்கூபா டைவிங் கற்கப் போகிறீர்களா? கையில் தரும் கார்டு அசல்தானா என்று இப்படிப் பாருங்கள்!

அந்தமானின் ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்) படகேறினால், சுமார் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக் வந்துவிடும். 2018-ல் 'ஸ்வராஜ் தீவு' என்று பெயர் மாறினாலும், சுற்றுலாப் பயணிகளுக்கு இன்னும் அது ஹேவ்லாக்தான். படகுத்துறையிலிருந்து கோவிந்த் நகர், விஜய் நகர் கடற்கரைகளுக்குப் போகும் வழியில் டைவிங் கடைகள் நிறைய. 'உலகத்தரச் சான்றிதழ்' என்ற வாசகத்தையும் அடிக்கடி பார்க்கலாம். அந்தத் தரத்தை முடிவு செய்வது யார்?

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு, அதிகபட்சம் 12 மீட்டர் ஆழத்துக்குள் மீன்களைக் காட்டிவிட்டு வருவது ஓர் அறிமுக அனுபவம் மட்டுமே. போட்டோ கிடைக்கும்; டைவர் என்ற தகுதி கிடைக்காது. தகுதி வேண்டுமென்றால் 'ஓப்பன் வாட்டர்' கோர்ஸ் முடிக்க வேண்டும். அதற்குப் பொதுவாக மூன்று, நான்கு நாள்கள் ஆகும். பாடம், தேர்வு, ஆழமில்லாத நீரில் பயிற்சி, பிறகு கடலில் குறைந்தது நான்கு டைவ். முடித்தால் துணைக்கு ஒரு டைவருடன் 18 மீட்டர் வரை இறங்கலாம்.

லைசென்ஸ் தருவது அரசு இல்லை!

கார் ஓட்ட ஆர்.டி.ஓ அலுவலகம் லைசென்ஸ் தருகிறது. பொழுதுபோக்கு டைவிங்குக்கு உலகின் பெரும்பாலான நாடுகளில் அப்படி ஓர் அலுவலகம் இல்லை. தனியார் பயிற்சி அமைப்புகள்தான் கார்டு தருகின்றன. 1966-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஏ.டி.ஐ, 1970-ல் வந்த எஸ்.எஸ்.ஐ ஆகியவை இந்தியாவில் அதிகம் காதில் விழும் பெயர்கள். கடல் ஆய்வாளர் ஜாக் கூஸ்தோ முதல் தலைவராக இருந்த சி.எம்.ஏ.எஸ் 1959-ல் உருவானது.

அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் லோகோ வரைந்து கார்டு அச்சடிக்கலாமா? அச்சடிக்கலாம். ஆனால், அடுத்த ஊர் டைவிங் கடை அதை ஏற்காது. கார்டின் மதிப்பு அந்தப் பிளாஸ்டிக்கில் இல்லை; அதன் பின்னால் இருக்கும் விதிகளிலும் கண்காணிப்பிலும் இருக்கிறது.

எதையெல்லாம் கவனிக்கலாம்?

* வெளியார் தணிக்கை: பயிற்சியாளர் இல்லாமல், துணைக்கு ஒரு டைவருடன் டைவ் செய்யும் தகுதிக்கு ஐ.எஸ்.ஓ 24801-2, பயிற்சியாளர்களுக்கு ஐ.எஸ்.ஓ 24802 என்று சர்வதேச விதிகள் உண்டு. ஐ.எஸ்.ஓ விதியை எழுதும். யாருக்கும் சான்று தராது. 'நாங்கள் ஐ.எஸ்.ஓ' என்று ஓர் அமைப்பு சொன்னால், தணிக்கை செய்தது யார் என்று கேளுங்கள்.

* எழுதிவைத்த விதிகள்: எந்த வயதிலிருந்து சேரலாம், ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர், என்னென்ன திறமைகளைச் செய்து காட்ட வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணமாக, பி.ஏ.டி.ஐ ஓப்பன் வாட்டர் கோர்ஸில் 10 வயதிலிருந்து சேரலாம். கடலில் ஒரு பயிற்சியாளருக்கு 8 மாணவர்களுக்கு மேல் கூடாது.

* பயிற்சியாளரின் எண்: பெரிய அமைப்புகளின் பயிற்சியாளர்களுக்குத் தனி எண் உண்டு. இப்போது வகுப்பெடுக்கும் தகுதி அவருக்கு இருக்கிறதா என்று அந்த எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். எண் சொல்லத் தயங்கினால், கடையை மாற்றுங்கள்.

* புகாருக்கு வழி: விதியை மீறும் பயிற்சியாளரை நீக்க முடியாத அமைப்பு, வெறும் கார்டு அச்சடிக்கும் கடைதான்.

* மருத்துவப் படிவம்: ஆஸ்துமா, இதயம், காது பற்றிய கேள்விகள் அதில் இருக்கும். சில பதில்கள் 'ஆம்' என்றால் டாக்டரின் கையெழுத்து வேண்டும். 'எல்லாத்துக்கும் இல்லைன்னு போடுங்க சார்' என்று யாராவது சொன்னால் உஷார்!

ஏன் இவ்வளவு கெடுபிடி?

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடலாம். அதனால்தான், மூச்சை அடக்கவே கூடாது என்பது முதல் பாடம். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் பதறாமல் வெளியேற்றப் பழக்குவதும் இதற்காகத்தான். பதறினால் மூச்சு அடங்கும். கால் மேலே உதைக்கும். இதை ஒரே மதியத்தில் பழகிவிட முடியாது. 'ஒரே நாளில் ஓப்பன் வாட்டர் கார்டு' என்றால், எங்கோ ஒரு பாடத்தை வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊர் திரும்பும் விமானத்தையும் கணக்கில் வையுங்கள். பல டைவ்கள் செய்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். கடைசி நாளைக் கடலுக்கு ஒதுக்காமல், ராதாநகர் கடற்கரைக்கு ஒதுக்கலாம்.

எவ்வளவு நல்ல அமைப்பாக இருந்தாலும், உங்களோடு தண்ணீருக்குள் வரப்போவது ஒரு மனிதர். 'இன்னிக்குக் கடல் சரியில்லை, நாளைக்குப் பார்ப்போம்' என்று கைக்கு வரும் காசை விட்டுக்கொடுப்பவர் கிடைத்தால், அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.