கொடைக்கானலைப் பார்த்து நின்ற கம்பி

சின்னார் சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் என் டி.வி.யை மோந்து பார்த்தார். அவர் மேல் தப்பில்லை. மறையூரிலிருந்து இறங்குகிற வண்டியில் மரச்சாமான் எதைக் கண்டாலும் சந்தனக்காட்டுக்குக் காவல் நிற்பவரின் மூக்கு அங்கேதான் போகும். பக்கப்பலகையைத் தட்டினார். ஷட்டரை இழுத்தார். உள்ளே இருபது அங்குலக் கண்ணாடி பளபளத்ததும் முகம் மாறிவிட்டது. "இது பழய களர் டி.வி. அல்லே?" என்றார். பின்னால் நின்ற ஜீப்பையும் லாரியையும் மறந்து, தன் வீட்டில் இருந்த பெட்டியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்.

மறையூரில் ஒரு வெல்லக் கொட்டகைக்குள், காய்ந்த கரும்புச் சக்கைக்கு நடுவில் கிடந்த பெட்டி அது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அடுப்புக்குப் போயிருக்கும். அதை ஏற்றிக்கொண்டு சின்னார், உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து சேர்ந்தேன். மறையூரும் கேரளம், கொழிஞ்சாம்பாறையும் கேரளம். சின்னாரைத் தாண்டி நடுவில் வருகிற ஊரெல்லாம் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களுக்குக் கோடு கிழித்தபோது, கொச்சி ராஜ்யத்தில் இருந்த எங்கள் சித்தூர் தாலுக்காவும், திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளமும் பீர்மேடும், தமிழ் பேசுகிற வீடுகளோடு அப்படியே கேரளத்துக்குள் நின்றுவிட்டன. அன்றிலிருந்து எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதற்கும் இரண்டு வழி உண்டு. டி.வி. பார்ப்பதற்கும் இருந்தது.

பெட்டியில் பெயர்த்தகடு இல்லை. உதிர்ந்த இடத்தில் பசைத்தடம் மட்டும். திண்ணையில் இறக்கி வைத்ததுதான் தாமதம், தெருவே வந்து பெயர் சூட்டியது. எதிர்வீட்டுக்காரர் சாலிடேர் என்றார். சென்னையில் செய்த பெட்டி, ஷட்டரும் பூட்டும் இருந்தால் அதுவேதான் என்று அடித்துச் சொன்னார். தபால்காரர் டயனோரா என்றார். ரேஷன் கடைப் பெரியவர், கெல்ட்ரானாக இல்லாவிட்டால் தன் காதை அறுத்துக்கொள்வதாகச் சொன்னார். நான்கைந்து பேர் பி.பி.எல். என்றார்கள். அவரவர் வீட்டில் எது இருந்ததோ அதுதான் இது. நான் மறுக்கவில்லை.

பி.பி.எல். என்று சொல்வதில் பாலக்காட்டுக்காரனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. 1963-இல் டி.பி.ஜி. நம்பியார் அந்தக் கம்பெனியைத் தொடங்கியது பாலக்காட்டில்தான். முதலில் செய்தது டி.வி. அல்ல, ராணுவத்துக்கான அளவுமானிகள். 1982-இல் டெல்லியில் ஆசியப் போட்டிகள் வந்தன. அந்த வருஷம் சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷன் கலருக்கு மாறியது. அதற்குப் பிறகுதான் டி.வி.க்குள் இறங்கி, தொண்ணூறுகளில் நாடெங்கும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார்கள். நம்பியார் 2024 அக்டோபரில் தொண்ணூற்று நான்கு வயதில் இறந்தபோது, எங்கள் ஊர் டீக்கடையில் அன்றைக்குப் பேச்சு முழுக்கப் பழைய டி.வி.யைப் பற்றித்தான்.

இன்னொரு வகைப் பெட்டி வளைகுடாவிலிருந்து வந்தது. அட்டைப்பெட்டியில் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் கொட்டை எழுத்தில் எழுதி, கயிறு கட்டி, கரிப்பூர் விமான நிலையத்துக்கு முந்திய காலத்தில் பம்பாய் வழியாக வரும். அதில் சோனி ட்ரினிட்ரான் என்றால் தெருவுக்கே விசேஷம். ஒரு வீட்டில், வந்த மறுநாளே "திரையில் கீறல் விழுந்திருக்கு" என்று சண்டை. உற்றுப் பார்த்தால், வெளிச்சமான காட்சிகளில் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. கீறல் இல்லை; அந்தக் குழாய்க்குள் செங்குத்தாகக் கட்டிய மெல்லிய உலோகப் பட்டைகள் அதிராமலிருக்க ஒரு கம்பியைக் குறுக்கே இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதன் நிழல். இதைச் சின்ன மாமா விளக்கிச் சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

சின்ன மாமாவுக்கு வருவோம். அதற்கு முன்னால் கூரைமேல் நின்ற ஆன்டெனாக் கம்பியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எண்பதுகளின் நடுவில் ஊர் ஊராக முளைத்த சின்ன மறுஒளிபரப்பு நிலையங்கள் செயற்கைக்கோளிலிருந்து டெல்லியை வாங்கி அப்படியே கொடுத்தன. வீட்டுக்குள் இந்திதான். 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வார்த்தை புரியாமல் ஊரே பார்த்தது. கதை தெரியும் என்பதால் குறை தெரியவில்லை. மலையாளம் திருவனந்தபுரத்திலிருந்து 1985-இல் தொடங்கியது. தமிழ் வேண்டுமென்றால் கொடைக்கானல். மலை உச்சியில் நின்ற அந்தக் கோபுரம் சென்னை நிலையத்தை வாங்கித் தெற்கே தள்ளியது. மலைக்குக் கோடு தெரியாது. அலை ஆனைமலையைத் தாண்டி இந்தப் பக்கமும் விழுந்தது.

அதனால் எங்கள் கூரைகளில் ஆன்டெனா நிற்கும் திசையை வைத்து உள்ளே என்ன மொழி ஓடுகிறது என்று தெருவிலிருந்தே சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'ஒளியும் ஒலியும்' நேரத்தில் தெருவின் கம்பிகள் எல்லாம் தென்கிழக்கே பார்த்து நிற்கும். அது முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பும். அரைமணி நேரம் பார்க்க முக்கால் மணி நேரம் பைப்பைத் திருப்பியவர்கள் நாங்கள். சுவரோரம் நின்று நான் திருப்ப, ஜன்னல் வழியாக அம்மா கத்த, "தெரியுதா?" "ஆளு தெரியுது, மூஞ்சி தெரியல." "இப்ப?" "இப்ப மூஞ்சி தெரியுது, ஆளக் காணோம்."

ஆடி மாதம் இதுவும் நடக்காது. மேற்குத்தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு திறந்த கதவு. தென்மேற்குப் பருவக்காற்று முழுவதும் அந்தக் கதவு வழியாகப் புகுந்து எங்கள் பனைமரங்களைப் பிடித்து உலுக்கும். இருபதடி பைப் என்ன ஆகும்? ஆன்டெனா ஆடும், படம் ஆடும், கூடவே கலரும் போய்விடும். கலர் ஏன் போகிறது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய மர்மம். காசைக் கொட்டி வாங்கிய கலர் டி.வி., காற்றடித்தால் கறுப்பு வெள்ளை. காற்று நின்றால் மறுபடி கலர். "கலரைக் காத்து அடிச்சுட்டுப் போகுதுடா கண்ணு" என்பாள் ஆத்தா. அவள் சொன்னதில் பாதி சரி. அலையோடு கலருக்கான குறிப்பு ஒன்று தனியே வரும். அது மெலிந்துபோனால் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சுற்று கலரையே அணைத்துவிடும். இல்லாவிட்டால் திரை முழுக்கக் கலர்ப் புழுக்கள் நெளியும். அந்தச் சுற்றுக்கு மெக்கானிக்குகள் வைத்த பெயர் கலர் கில்லர். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் லயங்களில் காற்றுக்குப் பதில் மலை மறைப்பு. நல்ல நாளில் கலர், மற்ற நாளில் இதே கதை என்று அங்கே வேலைக்குப் போன சித்தப்பா சொல்வார்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் சின்ன மாமா. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எட்டடிக்கு எட்டடி கடை. நான் மாலையில் போய் உட்காருவேன். எனக்கு அந்தக் கடையில் மிகவும் பிடித்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதை டி.வி.க்கு முன்னால் நாற்காலியில் சாய்த்து வைப்பார். அவர் இருப்பது பெட்டிக்குப் பின்னால், தலை உள்ளே. திருகை ஒரு மயிரளவு திருப்பிவிட்டு எட்டிக் கண்ணாடியில் படத்தைப் பார்ப்பார். செய்தி வாசிப்பவருக்கு அதில் வலது வகிடு இடதாகியிருக்கும். வருஷக்கணக்கில் டி.வி.யைத் திருப்பிப் போட்டே பார்த்ததால், வீட்டில் நேராகப் பார்க்கும்போது எல்லாரும் மாறிவிட்ட மாதிரி இருக்கிறது என்பார். பியூ 208 டிரான்சிஸ்டர்களைப் பல்பொடி டப்பாவில் வைத்திருப்பார். இடி இடித்த மறுநாள் அந்த டப்பா காலி.

பழுது கண்டுபிடிக்க அவர் முதலில் மீட்டரை எடுக்க மாட்டார். ஸ்விட்ச் போட்டதும் புறங்கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். ரோமம் எழுந்தால் ஹைவோல்டேஜ் இருக்கிறது. அப்புறம் காது: நொடிக்கு 15,625 தரம் துடிக்கிற அந்த மெல்லிய கீச்சு. அப்புறம் மூக்கு. வயதானபின் அந்தக் கீச்சு அவருக்குக் கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, "சத்தம் வருதாடா?" என்று கேட்பார். கடைசிக் காலத்தில் மாமாவுக்குக் காதாக இருந்தேன் என்பதைத் தவிர அந்தத் தொழிலில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. வங்கி வேலைக்குப் போய்விட்டேன்.

மறையூர்ப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றியபோது சக்கைத்தூள், பல்லி முட்டை ஓடு, எலி கடித்த ஒயர். குழாயின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தேன். அணைத்து வெகுநேரம் ஆன பிறகும் கண்ணாடிக்குள் அடி காத்திருக்கும் என்பது மாமா கொடுத்த முதல் பாடம். மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சர்க்யூட் படத்தைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் அதற்குக் கீழே மரத்தின்மேல் பென்சில் எழுத்து. பழுது பார்த்தவர்கள் தேதியும் மாற்றிய சாமானும் குறித்து வைப்பது வழக்கம். மூன்று குறிப்புகள். இரண்டு மலையாளத்தில், ஒன்று தமிழில். தமிழ்க் குறிப்பைக் கண்டதும் விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். மாமாவின் கை அல்ல. மாமா 'ட'வை இப்படிப் போட மாட்டார்.

வேலை மூன்று மாதம் ஓடியது. வீங்கிய கண்டன்சர்கள் பதினெட்டை மாற்றினேன். அதிகம் சூடேறுகிற இடங்களில் ஈயம் வெடித்து வளையம் விட்டிருந்தது. டிரை சால்டர் என்பார்கள், கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும், பூதக்கண்ணாடி வைத்தால்தான் கட்டியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் புலப்படும். ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடி உருக்கினேன். ஹைவோல்டேஜ் உண்டாக்குகிற எல்.ஓ.டி. தப்பித்திருந்தது என் அதிர்ஷ்டம். அது போயிருந்தால் கோயம்புத்தூர் கடைவீதியில் பழைய சாமான் கிடைக்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான்.

படம் வந்தது. மாமாவைப் போலவே, வீட்டில் இருந்த ஒரு கண்ணாடியை நாற்காலியில் சாய்த்து வைத்துத்தான் பார்த்தேன். கலரும் வந்தது, ஆனால் சிவப்பு மட்டும் சோர்ந்திருந்தது. குழாயின் கழுத்தில் மூன்று துப்பாக்கிகள். அதில் சிவப்புக்கானது தளர்ந்துவிட்டது. முகமெல்லாம் கொஞ்சம் பச்சை. சூடேற்றும் மின்சாரத்தைக் கூட்டிக் கொஞ்ச நாள் மிரட்டி வேலை வாங்கலாம். மாமா அதைச் செய்வார், "செத்தவனுக்குக் காப்பி கொடுக்கிற மாதிரிடா" என்றும் சொல்வார். நான் செய்யவில்லை. பச்சையாகவே இருக்கட்டும்.

பெட்டி சரியாகிவிட்டது. அது பிடிப்பதற்கு வானத்தில்தான் ஒன்றுமில்லை. தூர்தர்ஷன் பழைய தரைவழி அனலாக் ஒளிபரப்பைச் சில இடங்கள் தவிர நாடெங்கும் நிறுத்தி முடித்து வருஷங்கள் ஆகிவிட்டன. கேபிள்காரர் ஒருவர் தூக்கிப்போட வைத்திருந்த மாடுலேட்டரை வாங்கி, அதன் வழியாகத்தான் படம் கொடுக்கிறேன். இரண்டடி ஒயரில் வருகிற படம் ஆடுவதே இல்லை. ஆடி மாதத்திலும் கலர் போகவில்லை. என்னவோ குறைகிறது.

மாமாவின் கடையைக் கடைசியாக ஓடவைத்தவை தமிழ்நாட்டு அரசின் இலவசக் கலர் டி.வி.க்கள். 2006-இல் தொடங்கி ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள், பதினான்கு அங்குலம். வேலந்தாவளம் தாண்டிய சொந்தக்காரர் வீடுகளிலிருந்து ரிப்பேருக்கு வரும். சில பெட்டிகள் திரும்பிப் போகாமல் இந்தப் பக்கமே தங்கியதையும் பார்த்திருக்கிறேன். மாமா அவற்றை மதித்ததில்லை. உள்ளே சோப்புக்கட்டி அகலத்துக்கு ஒரு போர்டு, இதில் நான் என்ன செய்ய என்று சலித்துக்கொள்வார். இப்போது அவையும் அரிதாகிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கம் பழைய இரும்புக்கடை, இந்தப் பக்கம் ஆக்ரிக்கடை. பெயர்தான் வேறு, செய்வது ஒன்று. கழுத்தை உடைத்து, யோக் என்கிற கம்பிச்சுருளின் செம்பை உருவிக்கொண்டு, ஈயம் கலந்த கண்ணாடியை ஓடையோரம் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் பரணில் குழாய் வைத்த கலர் டி.வி. ஒன்று இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். பின்மூடியை நீங்களே கழற்றவும் வேண்டாம். பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர் இன்னும் உங்கள் ஊரில் இருப்பார், அவரிடம் கொடுங்கள். மூடியின் உள்ளே சர்க்யூட் படம் கறையானுக்குத் தப்பியிருந்தால், அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் பெட்டிக்கு இன்னும் பெயர் தெரியவில்லை.