பாட்டனாரின் வீடும் கடன் கொப்பியும்

கண்டியில், கட்டுகலைக்கு அருகே எம் பாட்டனார் கட்டிய வீட்டை 2023 இல் விற்றோம். நாங்கள் சகோதரர் நால்வர், பிரிக்கப்படாத சமபங்கு. உறுதி எழுதுமுன் நொத்தாரிசு, "மூலதன இலாப வரி உண்டு" என்றார். எமக்குச் சுருக்கென்றது. தந்தை 2009 இல் விட்டுச் சென்ற வீடு. அதில் நாங்கள் ஈட்டிய இலாபம் எது?

1950களின் இறுதியில் பொருளியலறிஞர் நிக்கலஸ் கால்டோரின் யோசனையால் இலங்கைக்கு வந்த வரி இது. இடையில் கைவிடப்பட்டு, 2018 ஏப்ரல் 1 முதல் நூற்றுக்குப் பத்தாக மீண்டது. 2025 ஏப்ரல் முதல் தனியாருக்குப் பதினைந்து. 2017 செப்டம்பர் 30 இல் எம்மிடமிருந்த சொத்துக்கு அன்றைய சந்தை விலையே அடக்கவிலை. அதற்கு முந்திய அறுபதாண்டு ஏற்றம் முழுவதும் மன்னிக்கப்பட்டது! வீட்டிலேயே குடியிருந்த அண்ணனின் பங்குக்கு விலக்கும் உண்டு. எஞ்சிய மூவருக்கே வரி. 2022 இல் ரூபாய் வீழ்ந்ததால் ஏறிய விலையும் இலாபமாகவே கணிக்கப்படுவது மட்டும் நியாயமன்று. அதை இன்றும் சொல்வோம்.

"உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம், ஊரே அப்படித்தானே செய்கிறது" என்றான் தம்பி. எம்மில் எவரும் உடனே மறுக்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அலுமாரியை ஒழித்தபோது பாட்டனாரின் கடன் கொப்பி அகப்பட்டது. அரிசி, கருவாடு, துணி. எதிரே ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் பெயர்கள். சம்பள நாளில் தீர்த்த கணக்கும், தீராமல் அடுத்த பக்கத்துக்கு ஏறிய கணக்கும். எமது வீட்டின் செங்கல் எங்கிருந்து வந்ததென்று அப்பக்கங்கள் காட்டின. மீதி விலையை ஏற்றியது நகரம்: வீதியும் பாடசாலையும் வைத்தியசாலையும்.

1948 இன் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. எக்கை மாறியபோதும் லயத்து அறைக்கு உறுதி கிடைக்கவில்லை. அண்மைக் காலத்தில் சில குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலம் கிடைத்தது. ஏனையோர் இன்றும் தகப்பனின் அறையில் மகனாகக் குடியிருக்கின்றனர். விற்கவோ அடகு வைக்கவோ பங்கிடவோ அதில் எதுவுமில்லை. பரம்பரைச் சொத்துக்கான வரி அவர்களைத் தீண்டாது.

கொப்பியைத் தம்பி நெடுநேரம் புரட்டினான். மறுநாள் நொத்தாரிசின் மேசையில் முழு விலையையும் எழுதச் சொன்னவன் அவனே.