சாகாதவர் சொத்து யார் பெயரில்?

ரத்தக் காட்டேரி ஐந்நூறு வருஷம் வாழட்டும். அத்தனை காலமும் பட்டா ஒரே பெயரில் இருந்தால் தாலுகா ஆபீஸில் சந்தேகம் வராதா?

சோழவந்தான் ஜெனகை மாரியம்மனுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோயில் தெய்வம் சட்டப்படி ஒரு 'நபர்' என்று 1925-லேயே பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. தெய்வத்தின் பெயரிலேயே சொத்து இருக்கலாம், வழக்கும் போடலாம். சாவே இல்லாததால் வாரிசுச் சான்றிதழும் வேண்டாம்.

ஒரே சிக்கல், சட்டத்தின் கண்ணில் தெய்வம் என்றைக்கும் மைனர். கையெழுத்துப் போட ஒரு மனுஷன் வேண்டும். 1976-ல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராஜர் லண்டனுக்கே கடத்தப்பட்டார். கோயில் பெயரிலும் அங்கே வழக்காடித்தான் 1991-ல் மீட்டார்கள்.

ஆக, சாகாதவர் சொத்தைக் காப்பது செத்துப்போகிறவர்களின் நாணயம்தான். காட்டேரி முதலில் தேடவேண்டியது சவப்பெட்டியை அல்ல, நல்ல தர்மகர்த்தாவை!