பால் மரமும் துளை வண்டும்

நாகர்கோவிலில் புகைவண்டி ஏறினால், ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து திருவனந்தபுரம் சேரலாம். பத்மநாப சுவாமி கோயிலையும் அருங்காட்சிச் சாலையையும் கண்டு திரும்புவதே நம்மவர் வழக்கம். யானோ இம்முறை கிழக்கே நெடுமங்காடு செல்லும் பேருந்தில் ஏறினேன். நகரைக் கடந்து மேட்டு நிலம் தொடங்கியதும் ரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன. ஒரு பெரியவரின் சிறு தோட்டத்தில் இறங்கினேன். மரந்தோறும் ஒரு சிரட்டை. அதில் சொட்டுச் சொட்டாய் வெண்பால்.

மலாயாத் தோட்டத்தில், விடியுமுன் விளக்கேந்திச் சென்று பால் வெட்டிய பாட்டியின் பேரன் யான். இவ்விதழைப் படிக்கும் இல்லங்கள் பலவற்றுக்கும் அம்மரமே சோறிட்டது. ஆயினும், அது ஏன் பால் சுரக்கிறது என்று நம்முள் எத்தனை பேர் எண்ணினோம்?

நமக்கு ஈவதற்காக அன்று; தன்னைக் காத்துக்கொள்ளவே சுரக்கிறது. பட்டையில் காயம் பட்டதும் பால் பெருகி உறைந்து வாயை அடைக்கும். அதிலுள்ள ஹெவைன் என்னும் புரதம் காளான்களின் வளர்ச்சியைத் தடுக்கும். குளிர்நாட்டுப் பைன் மரத்துக்குப் பிசின் எப்படியோ, இம்மரத்துக்குப் பால் அப்படி.

அவ்வரணையும் வெல்லும் பகை உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய பட்டை வண்டுப் பெருக்கம் ஏறத்தாழ 1.8 கோடி ஹெக்டேர்க் காட்டைத் தாக்கியது. வண்டு தனியே வருவதில்லை; தன் உடலில் காளான் வித்துகளையும் சுமந்து வருகிறது. வண்டு துளைக்கும், காளான் மரத்தின் நீரோட்டத்தை மறிக்கும்.

கேரளத்திலும் அத்தகைய கூட்டணி வெளிப்பட்டுள்ளது. அமெரிக்க வெப்பநாடுகளைச் சேர்ந்த ஒரு துளை வண்டு, கண்ணூர் மாவட்டத்து இரிட்டியில் ரப்பர் மரங்களில் காணப்பட்டது. அதனோடு ஃபியூசேரியம் என்னும் காளானும் இருந்ததைக் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் கண்டறிந்தனர். இவ்வின வண்டுகள் மரத்தை உண்பதில்லை. மரத்தினுள் சுரங்கம் குடைந்து, காளானைப் பயிரிட்டு, அவ்விளைச்சலை உண்கின்றன. வண்டு உழவு செய்கிறது என்றால் வியப்பன்றோ! அவ்வுழவுக்கு நிலமாகும் மரமோ வாடுகிறது.

இவ்வண்டுகள் பெரிதும் நாடுவது நலிந்த மரத்தையே. வறட்சியாலோ காயத்தாலோ தளர்ந்த மரம் சாராய மணத்தை வெளியிடும். அம்மணமே அவற்றுக்கு அழைப்போலை. அளவு மீறிப் பால் எடுத்தாலோ, பட்டை வறண்டு பாலே நின்றுவிடும். பாலற்ற மரம் காவலற்ற கோட்டை.

பெரியவர் தம் கத்தியால் பட்டையை மெல்லிய இழையாகச் சீவிக் காட்டினார். "ஆழமாக வெட்டினால் இன்று நாலு சொட்டுக் கூடும், பிறகு மரம் புண்ணாகிவிடும், தம்பி" என்றார். என் பாட்டியும் இதையே, "பட்டையை வெட்டு, மரத்தை வெட்டாதே" என்பாள். இளமையில் அதைத் தோட்டத்துக் கங்காணிக்கு அஞ்சிய சொல் என்றே கருதினேன். அது மரத்தின் காவலை அறிந்தவள் சொல் என்பது நெடுமங்காட்டில்தான் விளங்கிற்று.

மரம் தன் உயிர் காக்கச் சுரந்ததில் ஒரு பங்கை நாம் பெற்றோம். மறுபங்கை அதற்கே விட்டுவைப்பது நம் கடன்.