ஜிடி40 நகலுக்குப் பக்கக் கண்ணாடி

ஏப்ரல் 6, ஞாயிறு

ஃபோர்டு ஜிடி40 பந்தயக் காரின் கதவுக் கண்ணாடி கீழே இறங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பந்தய வண்டியில் அது கண்ணாடிகூட அல்ல. வளைத்துப் பொருத்திய பிளாஸ்டிக் தகடு. எடை குறைய வேண்டும், காற்று உள்ளே புகக் கூடாது, ஓட்டுநருக்கு வெளிச்சம் வேண்டும். இந்த மூன்றும் கிடைத்தால் பந்தயத்துக்குப் போதும். அந்த வண்டியின் நகலைக் கட்டி ஆக்லாந்து தெருவில் ஓட்ட நினைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

நியூசிலாந்துக்காரர்களுக்கு இந்த வண்டியின் மேல் தனிப் பாசம் உண்டு. 1966 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜிடி40-ஐ மாறி மாறி ஓட்டிய இருவரும் இந்நாட்டவர்கள்: ஆக்லாந்தில் பிறந்த புரூஸ் மெக்லாரன், புல்ஸ் என்ற சிற்றூரைச் சேர்ந்த கிறிஸ் ஏமன். அந்த ஆண்டு முதல் 1969 வரை தொடர்ந்து நான்கு முறை அதே வண்டி வகை அங்கே வென்றது. ஃபோர்டு நிறுவனமே 1967-இல் மார்க் 3 என்ற தெருவண்டி வடிவத்தை ஏழு மட்டும் செய்தது. ஆகவே இன்று இந்த வண்டியில் தெருவில் போக ஆசைப்படுபவருக்கு நகல்தான் வழி.

இன்று அதிகாலையோடு இங்கே கோடைநேரம் முடிந்தது. கடிகாரம் ஒரு மணி பின்னே போய்விட்டது. இனி மாலை சீக்கிரம் இருட்டும், மழை கூடும். பக்கக் கண்ணாடியின் குறைகள் வெளிப்படுவது இந்தப் பருவத்தில்தான். ஆக்லாந்தில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை. ஈரப்பதம் ஆண்டு முழுவதும் அதிகம். ஒரு மீட்டருக்குச் சற்றே மேற்பட்ட உயரமுள்ள வண்டிக்குள் இருவர் மூச்சு விட்டால் கண்ணாடியில் புகைபோல ஆவி படியும். கோடையில் நேர்மாறு. சாய்ந்த பெரிய முன்கண்ணாடி வழியாக வெயில் கொட்டும்; முதுகுக்குப் பின்னால் என்ஜின், முன்னால் ரேடியேட்டர், இரண்டுக்கும் நடுவே கொதிநீர்க் குழாய்கள். மூடியே இருக்கும் கண்ணாடியோடு அதில் நெடுந்தூரம் போவது தண்டனை.

ஏப்ரல் 13, ஞாயிறு

எல்லாரும் முதலில் கேட்பது: சாதாரணக் காரைப்போல் கண்ணாடியை ஏற்றி இறக்க முடியாதா?

கண்ணாடி கதவுக்குள் இறங்க வேண்டுமானால் அதன் வளைவு ஓர் உருளையின் பகுதியாக இருக்க வேண்டும். மேலிருந்து கீழ்வரை ஒரே ஆரம்; அப்போதுதான் அது தன் பாதையிலேயே வழுக்கி இறங்கும். முன்பின்னாகவும் வளைந்திருந்தால் கதவின் வாயில் சிக்கிக்கொள்ளும். ஜிடி40-இன் பக்கம் மேலே போகப்போக உள்ளே சாய்கிறது. முன்னிருந்து பின்னாகவும் மெல்ல வளைகிறது. அடுத்த தடை கதவின் ஆழம். கண்ணாடியின் உயரத்துக்குச் சமமான குழி கதவுக்குள் வேண்டும். இந்த வண்டியில் கதவு குட்டை. அதன் கீழே உடலின் இரு பக்கத்திலும் எரிபொருள் தொட்டிகள் ஓடும் அகலமான வாசற்படி. கதவோ கூரையையும் வெட்டி எடுத்துக்கொண்டு திறப்பது. அதற்குள் ரெகுலேட்டர், மோட்டார், ரப்பர் சேனல் எல்லாவற்றையும் நுழைத்தால் கீல் எடை தாங்காது.

இது ஜிடி40-க்கு மட்டும் வந்த தொல்லையல்ல. மெர்சிடிஸ் 300எஸ்எல்லின் சிறகுக் கதவில் கண்ணாடி இறங்காது. கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளத்தான் முடியும். ஃபெராரி 250 ஜிடிஓ தள்ளித் திறக்கும் பிளாஸ்டிக் பலகையோடு வந்தது. டிலோரியனில் பெரிய கண்ணாடிக்குள் கைநுழையும் அளவில் ஒரு சிறு கண்ணாடி மட்டும் இறங்கும். 1992-இல் வந்த மெக்லாரன் எஃப்1, பணத்துக்குக் குறைவில்லாத திட்டம். அதிலும் கீழ்ப்பாதிதான் திறக்கிறது. இத்தனை பேர் செய்யாத ஒன்றை வீட்டுக் கராஜில் செய்துவிடலாம் என்று கிளம்புவது வீம்பு.

மிஞ்சுவது மூன்று வழி: நிலையான பலகைக்குள் தள்ளித் திறக்கும் சிறு பலகை, கீல் வைத்த மடல், காற்றுவாய் மட்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

போர்வீரர் நினைவு நாளான அன்சாக் நாள். பகல் ஒரு மணிவரை கடைகள் மூடியிருக்கும்; பிளாஸ்டிக் தகடு வாங்கப் போக முடியாத காலைப்பொழுதில் எந்தத் தகடு என்பதை யோசிக்கலாம்.

போட்டியில் இருப்பவை இரண்டு. அக்ரிலிக் தெளிவானது, ஒளியில் 92 விழுக்காட்டைக் கடத்தும், கீறல் விழுந்தாலும் தேய்த்து மெருகேற்றலாம். ஆனால் அடிபட்டால் கூரான துண்டுகளாக உடையும். பாலிகார்பனேட் அடிக்கு அசையாது. கீறல் மட்டும் எளிதில் விழும். புற ஊதா ஒளியில் மஞ்சளாகும். நியூசிலாந்தின் கோடை வெயிலில் புற ஊதா கடுமை என்பது குழந்தைக்கும் தெரியும், ஆகையால் பூச்சில்லாத பாலிகார்பனேட்டை இங்கே நினைக்கவே கூடாது. கீறல் தாங்கும் கடினப் பூச்சு உள்ள தகடு விலை கூடுதல், அதோடு ஒரு கட்டுப்பாடும் சேர்ந்து வரும்: பூச்சு போட்ட தகட்டைச் சூடாக்கி வளைத்தால் பூச்சு வெடிக்கும். வளைத்த பிறகுதான் பூச வேண்டும். வளைப்பதற்கு முன் தகட்டை 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் பல மணி நேரம் உலர்த்தவும் வேண்டும். இல்லையேல் உள்ளே உறிஞ்சிய ஈரம் குமிழ்களாகப் பொங்கும். லேசான ஒற்றை வளைவாக இருந்தால் சூடே வேண்டாம். தகட்டைக் குளிர்ந்த நிலையிலேயே சட்டத்தில் வளைத்து இறுக்கிவிடலாம்.

உண்மையான கண்ணாடியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கடினப்படுத்திய கண்ணாடி உடைந்தால் மழுங்கிய சிறு மணிகளாக உதிரும், கீறாது, மஞ்சளாகாது. ஆனால் பிளாஸ்டிக்கைவிட இரண்டு மடங்கு எடை. கடினப்படுத்திய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவில் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. தட்டையான சிறு நழுவுபலகைக்கு அது பொருந்தும். வளைந்த பெரிய பலகைக்குத் தனி அச்சு செய்ய வேண்டும், செலவு கைமீறும்.

பிளாஸ்டிக் பொருத்தும் இடத்தில் பலர் கவனிக்காதது வெப்பத்தில் அது நீளும் அளவு. 700 மில்லிமீட்டர் நீளப் பலகை 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடியோ கால் மில்லிமீட்டர். ஆகவே திருகுத் துளை திருகைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், கீழே ரப்பர் வாஷர் வேண்டும், திருகை முறுக்கி இறுக்கக் கூடாது. கூம்புத்தலைத் திருகு கூடவே கூடாது. துளையின் விளிம்பிலிருந்து விரிசல் ஓடும். பெட்ரோல், தின்னர் பட்டாலும் நுண்விரிசல் படரும். காடி நெடி வீசும் சாதாரண சிலிக்கானுக்குப் பதில் நெடியில்லாத நடுநிலை வகையையே வாங்க வேண்டும்.

மே 10, சனி

காற்று எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் ஓட்டை போடுவதில் பயனில்லை. ஓடும் காரின் பக்கக் கண்ணாடிக்கு வெளியே அழுத்தம் உள்ளே இருப்பதைவிடக் குறைவு. மெல்லிய பலகை வேகத்தில் வெளிப்பக்கம் பிதுங்கும். விளிம்பில் இடைவெளி விழுந்து விசில் அடிக்கும். அதனால்தான் சட்டத்தின் நடுவில் ஒரு பிடிப்பாவது தேவைப்படுகிறது. முன்விளிம்பில் கீல் வைத்துப் பின்விளிம்பை வெளியே திறந்தால் அது உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும். எதிர்ப்புறம் திறந்தால் காற்றை அள்ளி உள்ளே தள்ளும். அம்பாசிடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன்கதவில் இருந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி முகத்தில் காற்று வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏசி வந்த பிறகு அந்த முக்கோணம் மறைந்தது வருத்தத்துக்குரியது. ஐந்து பைசா மின்சாரச் செலவுகூட இல்லாத சாதனம்.

பலர் பலகையில் நாகா வாய் எனப்படும், உள்ளே சரிந்து விரியும் காற்றுவாயை வெட்டுகிறார்கள். 1940-களில் அமெரிக்க வானூர்தி ஆய்வுக் குழு உருவாக்கியது; பந்தயத் தோற்றத்துக்குப் பொருந்தும். ஆனால் அழுத்தம் குறைந்த இடத்தில் அதற்கு இழுவை போதாது. நகரத்தின் மெதுவான நெரிசலில் அறவே வேலை செய்யாது. உள்ளே வரும் காற்றுக்கு வெளியே போக வழியும் வேண்டும். முன்புறம் ஒரு வாய், கண்ணாடியின் பின்பகுதியில் ஒரு திறப்பு என்று இணைத்தால்தான் ஆவி கலையும்.

நழுவுபலகைக்குத் தண்டவாளம்போல் இரட்டைச் சேனல். உள்ளே மென்கம்பளப் பட்டை ஒட்டியது கடகடக்காது. கீழ்ச்சேனலில் தண்ணீர் வடியத் துளைகள் போடாவிட்டால் குளம் கட்டும். 1969 வரை நழுவுகண்ணாடியோடு வந்த மினி கார்களின் சேனலில் பாசி முளைப்பது அவற்றை வைத்திருந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் கதை. ஆக்லாந்தின் ஈரத்தில் அது இன்னும் வேகமாக முளைக்கும்.

சேனலின் செங்குத்து விளிம்பு எங்கே வருகிறது என்பதும் முக்கியம். ஓட்டுநரின் கண்ணிலிருந்து வெளிக்கண்ணாடிக்குப் போகும் கோட்டை அது மறைத்தால் வண்டி பார்க்க அழகாக இருக்கும், ஓட்ட ஆபத்தாக இருக்கும். இருக்கையில் ஆளை உட்காரவைத்து, காகிதத்தில் வெட்டிய மாதிரியைக் கதவில் ஒட்டிப் பார்த்த பிறகே தகட்டில் வாள் வைக்க வேண்டும்.

ஜூன் 2, திங்கள்

மன்னர் பிறந்தநாள் விடுமுறை. 1970-இல் இதே தேதியில்தான் இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்தில் சோதனை ஓட்டத்தின்போது புரூஸ் மெக்லாரன் இறந்தார். கான்-ஆம் என்ற வட அமெரிக்கத் தொடரின் பந்தய வண்டியை மூடிய தெருவண்டியாக மாற்றும் எம்6ஜிடி திட்டம் அப்போது அவர் கையில் இருந்தது. அதன் முன்மாதிரியை அவரே சாலையில் ஓட்டிவந்தார். அவரோடு அந்தத் திட்டமும் நின்றது.

பந்தய வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவர அடுத்துப் பார்க்க வேண்டியது சட்டப் பக்கம். தனியாள் கட்டும் வண்டி நியூசிலாந்தில் எல்விவி எனப்படும் குறைந்த எண்ணிக்கை வாகனச் சான்று பெற வேண்டும். அதற்கான சங்கத்தின் நெறிமுறைப்படி சான்றாளர் வண்டியைப் பார்த்து ஒப்புதல் தந்தால் உலோகத் தகடு ஒன்று வண்டியில் பதிக்கப்படும். அதன் பிறகே பதிவும் எண்பலகையும். கண்ணாடி, துடைப்பான், பின்பார்வைக் கண்ணாடி மூன்றுக்கும் சேர்ந்து 1999-இல் ஒரு சாலைப் போக்குவரத்து விதி வந்தது. ஆஸ்திரேலிய-நியூசிலாந்து, ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானியத் தர அடையாளங்கள் ஏற்கப்படுகின்றன. அந்த அடையாளம் பலகையின் மூலையில் தெரிய வேண்டும். கடையில் பெயரில்லாத தகடு வாங்கி வெட்டினால் அடையாளமும் போச்சு, சான்றும் போச்சு. பயணிகள் காரில் கருப்பு ஒட்டுத்தாள் போடுபவர் ஒளி ஊடுருவல் 35 விழுக்காட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருளின் பெயர், தடிமன், பொருத்தும் முறை மூன்றையும் எழுதி, தகடு வாங்கும் முன்பே சான்றாளரிடம் காட்டுவது காசையும் காலத்தையும் மிச்சப்படுத்தும்.

இன்னொன்று விதியில் தேட வேண்டியதல்ல, அறிவில் தேட வேண்டியது. வண்டி கவிழ்ந்தால் கூரையோடு சேர்ந்த கதவு திறக்காமல் போகலாம். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் உடைக்க முடியாது. ஆகவே பலகையை உள்ளிருந்து கையால் விடுவிக்கும் பிடிகளோடு பொருத்துவது நல்லது.

ஜூன் 20, வெள்ளி

மாவோரிப் புத்தாண்டான மதாரிகி விடுமுறை. நழுவுபலகை வேண்டும் என்பதற்குப் பலர் சொல்லும் காரணம் கட்டணம் செலுத்துவது. ஆக்லாந்துத் துறைமுகப் பாலத்தில் சுங்கம் 1984-லேயே நின்றுவிட்டது. வடக்கே 2009-இல் திறந்த சுங்கச் சாலையில் சாவடியே இல்லை, கேமரா எண்பலகையைப் படித்துக்கொள்ளும். வாகன நிறுத்தத்தில் சீட்டு எடுக்கும் இயந்திரமோ சாதாரணக் காரின் உயரத்துக்கு வைத்தது. இந்த வண்டியிலிருந்து கையை நீட்டினால் எட்டாது. ஆக, திறப்பு வேண்டியது சீட்டுக்காக அல்ல, மூச்சுக்காக.

தெருவில் ஓட்டப்போகும் ஜிடி40 நகலுக்குத் தகுந்த அமைப்பு இதுதான்: வளைந்த பெரிய பலகை கடினப் பூச்சுப் பாலிகார்பனேட்டில், நிலையாக, அதற்குள் தட்டையான நழுவுபலகை ஒன்று, முன்புறத்தில் மூடக்கூடிய காற்றுவாய், கீழ்ச்சேனலில் வடிகால். கண்ணாடி முழுதும் இறங்கியே ஆக வேண்டும் என்பவருக்கு ஜிடி40 ஏற்ற வண்டி அல்ல.