பக்கத்து நிரை

அம்மாவின் மேல் பிரஷர் 186 காட்டிய அன்றுதான், அவர் கிளினிக் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாகிறது என்று எனக்குத் தெரிந்தது. பிரிக்காத அட்டைகள் மைலோ டின்னுக்குள் அப்படியே இருந்தன. அதற்குப் பதிலாகக் காலையில் தண்ணீரில் ஒரு சிவப்பு மாவைக் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார். டப்பா 168 வெள்ளி. "ரத்தக் குழாய உள்ளுக்குள்ளயே கழுவி விட்டுடும்லா" என்று சின்னம்மா கொடுத்தது. கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டினால் போதும், மருந்தும் சேர்த்து.

எனக்குக் கோபப்பட முழு உரிமை இல்லை. அந்த டப்பாவை அம்மா முதலில் என்னிடம்தான் காட்டினார். "நீ படிச்சவன், பாத்துச் சொல்லு." பார்த்தேன். முக்கியச் சரக்கு எல்-ஆர்ஜினின். உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது; அது ரத்தக் குழாயின் சுவரைத் தளர்த்தி விரிக்கும். இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. நான் பம்ப்பையும் பைப்பையும் பார்த்துப் பிழைப்பவன். குழாய் விரிந்தால் அழுத்தம் குறையும், கணக்கு சரியாகத்தானே வருகிறது? டப்பாவில் சுகாதார அமைச்சின் மால் எண்ணும் இருந்தது. "குடிங்கம்மா, ஒன்னும் செய்யாது" என்றேன்.

அந்த எண்ணின் கடைசி எழுத்தை நான் கவனிக்கவில்லை. 'என்' என்று முடிந்தால் அது வெறும் சத்துப் பொருள். பிரஷரைக் குறைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. அதனால் டப்பாவில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் சின்னம்மாவின் வாயில்தான் இருந்தது. வாய் வார்த்தையை யார் போய்ப் பிடிப்பது?

பிறகு உட்கார்ந்து தேடினேன். 2006இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு கிடைத்தது. மாரடைப்பு வந்த 153 பேரில் ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆர்ஜினின், மற்றவர்களுக்கு வெற்று மருந்து. ரத்தக் குழாயின் விறைப்பு குறையவில்லை. ஆர்ஜினின் எடுத்தவர்களில் 6 பேர் இறந்தார்கள்; மறுபக்கம் ஒருவரும் இல்லை. ஆய்வுக்கு மேற்கொண்டு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு மாரடைப்பு வந்ததில்லை, அதை அப்படியே அவர்மேல் பொருத்த முடியாது. சில சிறிய ஆய்வுகளில் பிரஷர் கொஞ்சம் இறங்கியதும் உண்டு. ஆனால் அம்மாவுக்கு இறங்க வேண்டியது ஐம்பது புள்ளி.

"ஏம்மா நிறுத்துனீங்க?"

"கால் வீங்குச்சு. கிட்னிதான் போவுதுன்னு நெனச்சேன்."

அம்லோடிபினுக்குக் கால் வீக்கம் எல்லாருக்கும் தெரிந்த பக்கவிளைவு. சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுப்பார்கள். அம்மா சொல்லவில்லை. "டாக்டர் சின்னப் புள்ள, கம்ப்யூட்டரையே பாத்துக்கிட்டிருந்துச்சு. பின்னால வேற அத்தன பேரு."

சின்னம்மா ரத்த சொந்தமில்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மா மரம் வெட்டிய காலத்தில் பக்கத்து நிரை அவருடையது. விடியுமுன் இருட்டில் ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்துக்கொண்டே வெட்டுவார்களாம். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது அம்மா ஈப்போ புந்தோங்குக்கு வந்தார், சின்னம்மா வேறு பக்கம் போனார். இப்போது டப்பாவுக்கு முப்பது வெள்ளி அவருக்கு நிற்கும். வந்தால் இரண்டு மணி நேரம் இருப்பார். கச்சாங் பூத்தே பொட்டலம் ஒன்று நடுவில் இருக்கும் (உப்பைக் குறைக்கச் சொல்லி நான் தோற்றது தனிக்கதை). அம்மாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார். வீக்கத்தை முதலில் பார்த்தவரும் அவர்தான். நான் அதே வீட்டில் இருக்கிறேன்.

மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். கால் வற்றிவிட்டது. போன வாரம் 142.

அன்று சின்னம்மாவும் வந்திருந்தார். கோபமில்லாமல்தான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏமாத்தலப்பா, நானும் இதத்தான் குடிக்கிறேன்."

"உங்க கிளினிக் மாத்திரை?"

"அத எப்பவோ விட்டாச்சு."

கையை நீட்டச் சொல்லிப் பட்டையைச் சுற்றினேன். 178. மறுபடி பார்த்தேன், 181.

அம்மா எழுந்துபோய் அந்த டப்பாவை மூடி மேல் தட்டில் வைத்தார். வியாழக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். காலை ஏழு மணிக்குச் சின்னம்மாவை ஏற்றிக்கொள்ள வேண்டும். அம்மாவும் கூட வருகிறாராம்.