ஹொக்காய்டோ மலையில் ஏழு பேர்



ஜப்பான் என்றதும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காரும் கார்ட்டூன் படமும் நினைவுக்கு வரும். நம் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. என் தாத்தா 1943-ஆம் ஆண்டில் சயாம் ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத்திலிருந்து லோரியில் ஏற்றி அனுப்பப்பட்டவர். போனவர் போனவர்தான். அப்போது என் அப்பா தவழும் குழந்தை. நெற்றிப் பொட்டை வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று தெரியாமலே பாட்டி பல ஆண்டுகளைக் கழித்தார்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த நான் ஜப்பானுக்குப் போனதற்குக் காரணம் ஒரு மாணவன். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் எரிமலை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "டீச்சர், நீங்க எரிமலையப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்புறம் எப்படி டீச்சர் தெரியும்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மூன்று ஆண்டுகள் கூட்டுக் கட்டிப் பணம் சேர்த்து, செப்டம்பர் பள்ளி விடுமுறையில் மலை நடைப்பயணக் குழு ஒன்றில் பெயர் கொடுத்தேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போறது போம்மா. எத்தன பேரு போறீங்களோ அத்தன பேரும் வந்து சேருங்க" என்றார்.

நாங்கள் போன இடம் ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்காய்டோ தீவு. அதன் நடுவே எரிமலைகள் ஒன்றையொன்று தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. அந்த மலைக்கூட்டத்துக்குத் தைசெட்சுசான் என்று பெயர். பெரும்பனி மலை என்று பொருள். 1934-ஆம் ஆண்டில் அதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பரப்பு ஏறத்தாழ 2268 சதுர கிலோமீட்டர். நம் மலாக்கா மாநிலத்தைவிடப் பெரியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தீவின் பூர்வகுடிகளான அய்னு மக்கள் அந்த மலைகளைத் 'தெய்வங்கள் விளையாடும் முற்றம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். மலைக்குள் நடக்கத் தொடங்கிவிட்டால் சாலை கிடையாது, கடை கிடையாது. தோளில் சுமப்பதுதான் சோறு.

எங்கள் குழுவில் ஏழு பேர். ஈப்போவிலிருந்து ஒரு சீனத் தம்பதியர், பினாங்குத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இரண்டு இளைஞர்கள், சிரம்பானிலிருந்து ஓய்வு பெற்ற தாதி ஒருவர், தைப்பிங்கிலிருந்து 68 வயதுப் பெரியவர் ஒருவர், பிறகு நான். வழிகாட்டி ஹொக்காய்டோவிலேயே பிறந்தவர். ஐம்பதைக் கடந்தவர். ஆங்கிலத்தை நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார்.

முதல் நாள் மாலை மலையடிவாரத்து விடுதியில் எங்கள் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். மழைச்சட்டை உண்டா, கம்பளி உண்டா, மாற்றுக் காலுறை உண்டா என்று பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது போலப் பார்த்தார். ஆளுக்கொரு சிறு மணியைக் கொடுத்துப் பையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அங்கே பழுப்புக் கரடிகள் உண்டு. மனிதர் வருவது முன்கூட்டியே காதில் விழுந்தால் கரடி தானாக விலகிவிடுமாம். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது என்றார். நரிகளின் எச்சத்திலிருந்து ஈரலைக் கெடுக்கும் ஒருவகைப் புழுவின் முட்டை அதில் கலந்திருக்கலாம். இயற்கை உபாதைக்கென ஒரு பையும் தந்தார். மலையில் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது, எல்லாவற்றையும் கீழே கொண்டு வர வேண்டும் என்றார்.

அன்றிரவு வெந்நீர் ஊற்றில் குளியல். எரிமலைச் சூட்டில் தானாகக் கொதித்து வரும் தண்ணீர். பெண்களுக்குத் தனி இடம்தான் என்றாலும், உடுத்தியதை எல்லாம் களைந்துவிட்டு இறங்க வேண்டும். ஆற்றில் குறுக்குக் கட்டிக் குளித்துப் பழகிய எனக்குக் கால் மணி நேரம் கதவை விட்டு நகர முடியவில்லை. தாதியம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்துப் போனார். இறங்கிய பிறகு ஏறத்தான் மனமில்லை.

மறுநாள் காலை கேபிள் காரில் ஏறினோம். பத்து நிமிடத்தில் 1600 மீட்டர் உயரம். எதிரே அசாஹிதாக்கே நிற்கிறது. 2291 மீட்டர், ஹொக்காய்டோவிலேயே உயர்ந்த மலை. அதன் மேற்குப் பக்கம் மண்வெட்டியால் குடைந்து எடுத்தது போலப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவிலிருந்து வெண்புகை 'புஸ்'ஸென்று சீறி வருகிறது. கந்தக நெடி மூக்கை அடைக்கிறது. தரையெல்லாம் மஞ்சள் பூத்திருக்கிறது. கீழே ஒரு சிறு குளம், அசையாமல் மலையின் உருவத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. செப்டம்பர் நடுவிலேயே அங்கே செடிகொடிகள் சிவந்துவிடுகின்றன. ஜப்பானில் இலையுதிர் கால நிறம் முதலில் இறங்குவது இந்த மலையில்தான் என்கிறார்கள்.

தெற்கே வெகுதூரத்தில் இன்னொரு மலை புகைந்தது. டொகாச்சிதாக்கே. 1926-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் அது வெடித்தபோது மலைமேல் இருந்த பனி ஒரேயடியாக உருகி, சேறாகப் பெருகி, அடிவாரத்து ஊர்களையும் வயல்களையும் மூடியதாம். 144 பேர் பலியானார்கள். கந்தகம் கலந்த அந்தச் சேற்றின் மேல் வேறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, அந்த உழவர்கள் மீண்டும் நெல் விளைவித்தார்கள் என்று வழிகாட்டி சொன்னார். மண்ணை நம்பிப் பிழைப்பவர்களின் பாடு எங்கும் ஒன்றுதான் போலும்.

நடக்கத் தொடங்குமுன் அவர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் விரலால் சுட்டி உரக்க எண்ணினார். "இச்சி, நி, சான்..." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் பாட்டியின் எண்ணிக்கை! ஜப்பான்காரன் காலத்தில் காதில் விழுந்து நாவில் ஒட்டிக்கொண்டதை, அவர் வயதான பிறகும் விடவில்லை. பொழுது சாய்ந்ததும் கோழிக்குஞ்சுகளைக் கூட்டில் அடைக்கும்போது "இச்சி, நி, சான்" என்றுதான் எண்ணுவார். ஓய்வெடுக்க உட்கார்ந்தபோது ஒரு தடவை, எழுந்தபோது ஒரு தடவை என்று வழிகாட்டி அன்றைக்குப் பத்துத் தடவையாவது எண்ணியிருப்பார். பினாங்கு இளைஞர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் அசாஹிதாக்கே ஏறினோம். ஜப்பானில் ஒரு மலையை அடியிலிருந்து உச்சிவரை பத்துக் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆறாவது கட்டம்வரை வெயில். ஏழாவதில் மூடுபனி. எட்டாவதை நெருங்கும்போது மழையும் காற்றும் சேர்ந்துகொண்டன. மலைச்சரிவு முழுக்கச் சரளைக்கல். இரண்டு அடி வைத்தால் ஓரடி சறுக்குகிறது. முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை.

வழிகாட்டி நிறுத்தி எண்ணினார். ஏழு பேரும் இருந்தோம். ஆனால் தைப்பிங் பெரியவர் முன்னால் அவர் விரல் நின்றுவிட்டது. பெரியவர் சட்டையின் ஜிப்பை மேலே இழுக்கப் பார்க்கிறார், விரல்கள் பிடிக்கவில்லை. உடம்பு நடுங்குகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் குழறி வருகிறது. வழிகாட்டி அவரைப் பாறை மறைவில் உட்கார வைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி உலர்ந்த கம்பளியைப் போட்டு, சர்க்கரை மிகுந்த சூடான தேநீரைக் கொடுத்தார். பிறகு எங்களைப் பார்த்து, "திரும்புகிறோம்" என்றார்.

இளைஞர்கள் ஒப்பவில்லை. "இன்னும் ஒரு மணி நேரம்தானே! நாங்கள் இருவர் மட்டும் உச்சியைத் தொட்டுவிட்டு வந்துவிடுகிறோம்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன் வாசகர்களே, எனக்கும் அதே எண்ணம்தான். மூன்று ஆண்டுப் பணம். வகுப்பில் அந்தப் பையன் கேட்பானே என்ற நினைப்பு. "நானும் அவர்களோடு போகட்டுமா?" என்று கேட்கவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. 2009-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் நடந்ததைச் சொன்னார். இதே மலைக்கூட்டத்தில் டொமுராவுஷி என்று ஒரு மலை. 2141 மீட்டர். 15 பயணிகள், 3 வழிகாட்டிகள் கொண்ட ஒரு குழு மழையிலும் காற்றிலும் புறப்பட்டது. முடிந்தவர்கள் முன்னால் போனார்கள், முடியாதவர்கள் பின்தங்கினார்கள். குழு துண்டு துண்டாகச் சிதறியது. வழிகாட்டிகளில் ஒருவர் உட்பட 8 பேர் உடற்சூடு இறங்கி இறந்துபோனார்கள். ஜூலை மாதம் அங்கே கோடைக்காலம். பனியால் அல்ல, நனைந்த உடம்பில் அடித்த காற்றால் செத்தார்கள்.

"ஏழு பேரைக் கூட்டி வந்தேன். ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு இறங்குவேன்" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. பெரியவரை நடுவில் விட்டு, அவர் நடைக்கு எங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு இறங்கினோம். அரை மணிக்கொரு தடவை அந்தக் குரல் மூடுபனிக்குள் எண்ணியது. கடைசி எண் வரும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கேபிள் கார் நிலையத்துக்கு வந்தபோது பெரியவர் தம் பேரப்பிள்ளைக்கு வாங்க வேண்டிய பொம்மையைப் பற்றித் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு விடுதியில் வழிகாட்டியிடம், அந்த எண்கள் என் பாட்டிக்குத் தெரியும் என்று சொன்னேன். எப்படி என்றார். சொன்னேன். 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதில் மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் வரிசை வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். கல்லில் பெயரும் இருக்கிறது. நம் ஆட்களுக்கோ மதிப்பீடுதான் உண்டு. இத்தனை ஆயிரம் இருக்கலாம் என்பார்கள். தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் பேர் விழுந்த மனிதர், அங்கே எந்தக் கணக்கிலும் விழவில்லை.

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார். "இது எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னார். வெகுநேரம் கழித்து, "நாளை ஆங்கிலத்தில் எண்ணட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். இப்படியே எண்ணுங்கள்" என்றேன்.

கடைசி நாள் மலையின் மறுபக்கம் போனோம். சோவுன்கியோ என்னும் பள்ளத்தாக்கு. இருபுறமும் தூண்தூணாகச் செங்குத்துப் பாறைகள். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன் எரிமலை கக்கிய சூடான சாம்பல் இறுகிப் பாறையாகி, ஆறு அறுத்து வந்த வழி அது. அங்கிருந்து குரோதாக்கே ஏறினோம், 1984 மீட்டர். வானம் கழுவிவிட்டது போலத் தெளிவாக இருந்தது. 1923-ஆம் ஆண்டில் கட்டிய கல் குடிசையைக் கடந்து, அந்தச் சாம்பலைக் கக்கிய எரிமலையின் வாய் விளிம்பில் போய் நின்றோம். இரண்டு கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு மாபெரும் சட்டி. நெருப்பில்லை, சத்தமில்லை. ஓடை ஒன்று வளைந்து ஓடுகிறது. ஆனால் உள்ளே இறங்கத் தடை. அடியில் உள்ள ஊற்றிலிருந்து நச்சு வாயு வருகிறது. எரிமலை என்றால் படத்தில் உள்ளது போல எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அமைதியாகவும் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாறை இடுக்கில் எலியளவே உள்ள குட்டி முயல் ஒன்று 'கீச்'சென்று கத்தி ஓடியது. தைப்பிங் பெரியவர் கைதட்டிச் சிரித்தார். வழிகாட்டி எண்ணினார். ஏழு.

வீடு வந்து சேர்ந்தபோது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன வாங்கி வந்தாய், என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை. "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்றார்.

"ஏழு பேரும் வந்துட்டோம்பா."

தலையை ஆட்டிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி கலக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன், "டீச்சர், உச்சிக்குப் போனீங்களா?" என்றான். அசாஹிதாக்கேயில் பாதியில் திரும்பிவிட்டோம் என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். இந்தத் தடவை வகுப்பு சிரிக்கவில்லை.

வாசகர்களே, எல்லாரும் ஜப்பான் போக முடியாது. ஆனால் விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்கும் மலைக்கும் போகிறோம் அல்லவா? அடுத்த முறை போகும்போது, முன்னால் ஓடும் பிள்ளையைக் கொஞ்சம் நிறுத்துங்கள். பின்னால் வரும் பிள்ளை வந்து சேரட்டும். எந்த மொழியிலாவது ஒரு தடவை எண்ணுங்கள். கணக்குச் சரியாக இருந்தால் மேலே நடங்கள். ஒருவருக்கு முடியவில்லை என்றால் எல்லாரும் திரும்பிவிடுங்கள். அருவி அங்கேயேதான் இருக்கும்.